குளிரும் பட்டறைக்கு எந்த ஹீட்டர்?

(வீட்டோடு சேர்ந்த பட்டறைகளில் கைத்தொழில் செய்பவர்களுக்காக உதகையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி பிறந்துவிட்டால் இந்த ஊரில் ஹீட்டர் வியாபாரம் களைகட்டிவிடும். கமர்ஷியல் ரோட்டில் கடை வாசலிலேயே அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிடுகிறார்கள். உள்ளே போய், "குளிர் தாங்கலைங்க, ஒரு ஹீட்டர் கொடுங்க" என்றால், கடைக்காரர் முதலில் பட்ஜெட்டைக் கேட்கிறார். அடுத்து, ரூம் எவ்வளவு பெருசு என்கிறார். படுக்கையறைக்கு வாங்குகிறவருக்கு அது போதும். பட்டறை வைத்திருப்பவர் அதற்கு முன்னால் தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நான் எதைச் சூடாக்க வேண்டும்? கையையா, காலையா, பசையையா, மெஷினையா, இல்லை நாலு சுவருக்குள் இருக்கிற அத்தனையையுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எந்த ஹீட்டர் என்பது பாதி முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால், ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்த ஹீட்டரும் கடைசியில் விலை அதிகம்தான். இன்று நான் பேசப்போவது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் நம் குளிரைப் பற்றிக் கொஞ்சம். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பகல் வெயிலில் நின்றால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். பொழுது இறங்கினால் கதை வேறு. இரவு 5 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். காந்தல், தலைகுந்தா பக்கம் பள்ளமான இடங்களில் பூஜ்ஜியத்தைத் தொட்டு உறைபனியும் விழும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரே தெருவில் மேல் வீட்டுப் புல் பச்சையாகவும் கீழ் வீட்டுப் புல் வெள்ளையாகவும் இருப்பதை ஜனவரிக் காலையில் நாமே பார்க்கிறோம். ஆகவே மேல் வீட்டுக்காரருக்குப் போதுமான ஹீட்டர் உங்களுக்கும் போதும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இங்கே வந்திருக்கிறவர்களில் பெரும்பாலானவர்களின் பட்டறை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி இறக்கிய ஷெட். பத்துக்குப் பன்னிரண்டு அடி. மூன்று பக்கம் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே தகர ஷீட், கீழே சிமெண்ட் தரை. சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் கை நுழைகிற அளவு இடைவெளி. கதவு ஒருபோதும் முழுசாகச் சாத்திக்கொள்ளாது.

இதில் தகரம்தான் பெரிய வில்லன். வானம் தெளிவாக இருக்கும் இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்தை நோக்கி வீசிவிட்டு, வெளிக்காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துபோகிறது. உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகப் படிகிறது. காலையில் வெயில் ஏறியதும் அது சொட்டத் தொடங்கும். வெளியே மழை இல்லை, உள்ளே சொட்டுகிறது. ரம்பத்தின் மேலே, இழைப்புளியின் மேலே, தையற்காரர் வெட்டி மடித்து வைத்த துணியின் மேலே. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் இழைப்புளித் தகட்டில் பழுப்புப் புள்ளிகள் வந்துவிடும். "கூரை ஒழுகுது" என்று சொல்லி ஷீட்டுக்குத் தார் பூசியவர்களை எனக்குத் தெரியும். ஒழுகல் மேலிருந்து வரவில்லை. உள்ளிருந்த ஈரம்தான் திரும்பி விழுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வெளியே 6 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12 டிகிரி. நான் சொன்ன அளவு ஷெட்டில், ஒற்றைத் தகரக் கூரை வழியாக மட்டும் சுமார் 900 வாட் சூடு வெளியேறும். சுவர்கள் வழியாக இன்னொரு 850. கதவு, ஜன்னல், சந்து பொந்து வழியாக 400, 500. எல்லாம் சேர்த்தால் 2,200 வாட்டை ஒட்டி வரும். கடையில் கிடைக்கும் பெரிய ஹீட்டர்கள் பெரும்பாலும் 2,000 வாட். ஆக, அந்த ஷெட்டில் பெரிய ஹீட்டரை முழு வேகத்தில் நாள் முழுக்க ஓடவிட்டாலும் 18 டிகிரியைத் தொடாது. வாங்கியவர், "கம்பெனி சரியில்லை" என்பார். கம்பெனிமேல் தப்பே இல்லை.

அதே கூரைக்கு அடியில் இரண்டு அங்குலத் தெர்மோகோலைக் கொடுத்து ஃபால்ஸ் சீலிங் அடித்துவிட்டால், 900 வாட் போய்க்கொண்டிருந்த இடத்தில் 100 வாட்டுக்கும் குறைவாகத்தான் போகும். சொட்டுகிற தொல்லையும் பெரும்பாலும் அடங்கிவிடும். செலவு ஒரு நல்ல ஆயில் ஹீட்டர் விலையை ஒட்டி வரலாம். ஆனால் சீலிங்குக்கு மாதாமாதம் கரண்ட் பில் கிடையாது, ரிப்பேர் கிடையாது. ஒரே ஒரு எச்சரிக்கை. தெர்மோகோலைத் திறந்தபடி விடக்கூடாது. தீப்பொறி பட்டால் உருகி எரிந்தபடி சொட்டும், புகையும் விஷம். ஜிப்சம் போர்டோ சிமெண்ட் போர்டோ வைத்து முழுசாக மூட வேண்டும். வெல்டிங், கிரைண்டிங் செய்கிற இடத்தில் தெர்மோகோலே வேண்டாம், கல்நார்க் கம்பளம் மாதிரி எரியாத ராக்வூல் போடுங்கள்.

சீலிங்குக்குக் காசில்லை என்றால் சந்துகளையாவது அடையுங்கள். சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் முதல் இடம். கதவடியில் பழைய சைக்கிள் ட்யூபைக் கிழித்து ஆணி அடியுங்கள். நிற்கிற இடத்தில் ஒரு பலகை, அதன்மேல் ரப்பர் பாய். சிமெண்ட் தரை காலிலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். அதை எந்த ஹீட்டராலும் ஈடுகட்ட முடியாது. இத்தனைக்கும் ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. ஹீட்டர் வாங்கப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துவிட்டுப் போங்கள்.

சரி, கடைக்கு வருவோம். அங்கே 1,000 ரூபாய்க்கும் ஹீட்டர் இருக்கிறது, 12,000 ரூபாய்க்கும் இருக்கிறது. விலை கூடினால் சூடும் கூடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது சரியில்லை. கம்பி வைத்ததோ, எண்ணெய் நிரப்பியதோ, காற்று ஊதுவதோ, எந்தக் கரண்ட் ஹீட்டராக இருந்தாலும் ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி சூடுதான். ஒரு கலோரி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. வாழை இலையில் பரிமாறினாலும் வெள்ளித் தட்டில் பரிமாறினாலும் சோற்றின் அளவு அதேதான். பெட்டியில் 'கரண்ட் சேமிக்கும் ஹீட்டர்' என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டு அடுத்த பெட்டியைப் பாருங்கள். வித்தியாசமெல்லாம் அந்தச் சூட்டை எப்படி, எங்கே, எவ்வளவு நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதில்தான் இருக்கிறது. பட்டறைக்காரருக்கு அது பெரிய வித்தியாசம்.

குவார்ட்ஸ், ஹாலஜன் என்று விற்கிறார்களே, செக்கச்செவேல் என்று எரியும் குழாய்கள், அவை காற்றைச் சூடாக்குவதில்லை. எதிரில் இருக்கும் ஆளின்மேல் நேராகச் சூட்டை வீசுகின்றன. சுவிட்சைப் போட்ட அரை நிமிடத்தில் முழங்காலில் உறைக்கும். அணைத்த அரை நிமிடத்தில் போய்விடும். சந்து பொந்து நிறைந்த ஷெட்டில் இதுதான் புத்திசாலித்தனம். காற்று எங்கே வேண்டுமானாலும் போகட்டும், சூடு என்மேல் விழுந்தால் போதும். இவற்றில் 400 வாட், 800 வாட் என்று தனித்தனிச் சுவிட்ச் இருக்கும். உட்கார்ந்த இடத்தில் வேலை செய்கிறவருக்கு, மூன்றடி தூரத்தில் வைத்த 400 வாட் ஒன்றே போதும்.

ஃபேன் ஹீட்டர் என்கிற பிளோயர் 1,000, 2,000 வாட்டில் வருகிறது. விலை குறைவு, சின்ன அறையைச் சீக்கிரம் சூடாக்கும். ஆனால் அது பின்னாலிருந்து காற்றை உறிஞ்சி, பழுத்த கம்பிமேல் ஊதுகிறது. தச்சுப் பட்டறையில் அந்தக் காற்றில் மரத்தூள் இருக்கிறது. தையற்கடையில் நூல் பிசிறு இருக்கிறது. ஒரு மாதம் ஓடிய பிளோயரின் பின்பக்க வலையைக் கழற்றிப் பாருங்கள். தூள் கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். காற்று போகாமல் கம்பி அளவுக்குமேல் பழுக்கும், முதலில் கருகல் வாசனை வரும், அப்புறம் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம். மரவேலை செய்கிறவர்கள் பிளோயரை வாங்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆயில் ஹீட்டர் ஒன்பது, பதினொன்று, பதிமூன்று என்று செதில் வைத்து, உருளைக் கால்களில் நிற்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, தீர்வதில்லை, மாற்றவும் வேண்டாம். சூடாகிச் சுற்றிவருவது மட்டுமே அதன் வேலை. செம்பழுப்பாகப் பழுக்கிற கம்பி வெளியே இல்லை, விசிறி இல்லை. தூசு இருக்கும் இடத்துக்கு இருப்பதிலேயே பத்திரமானது இதுதான். குறை, மெதுவாகச் சூடாகும். அரை மணி நேரத்துக்கு முன்னாலேயே போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போக வேண்டும். இன்னொரு குறை, அடைப்பில்லாத ஷெட்டில் இதை வைத்தால் அத்தனையும் வீண். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இதில் தெர்மோஸ்டாட் உண்டு. வேண்டிய சூடு வந்ததும் 'டக்' என்று சத்தத்தோடு தானாக அணையும், ஆறியதும் மறுபடி 'டக்' என்று போடும். ஒரு மணி நேரம் வேலை செய்தும் அந்த 'டக்' உங்கள் காதில் விழவில்லையென்றால், நீங்கள் பட்டறையைச் சூடாக்கவில்லை, உதகையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி பில். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்க்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். ஏற ஏற விலையும் ஏறும். அதே கட்டணப்படி, 500 யூனிட்டைத் தாண்டினால் ஒரு யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600-ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல். அதோடு 500-ஐத் தாண்டியதும் இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த சலுகையும் பறிபோகும். ஹீட்டர் யூனிட்டெல்லாம் வீட்டு உபயோகத்துக்கு மேலே போய் உட்கார்வதால், எப்போதும் உச்சப் படியின் விலைதான் அதற்கு.

வீட்டுக்கு 300 யூனிட் ஆகிற ஒரு குடும்பம். பட்டறையில் 2,000 வாட் ஹீட்டர் தினம் நாலு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 8 யூனிட், இரண்டு மாதத்தில் 480. மொத்தம் 780. கூடுதல் பில் கிட்டத்தட்ட நாலாயிரம் ரூபாய். அதே ஆள், அறையை விட்டுவிட்டுத் தன்னை மட்டும் சூடாக்கிக்கொள்ள முடிவு செய்து 400 வாட் ஹாலஜனை ஆறு மணி நேரம் போட்டால் நாளைக்கு 2.4 யூனிட், இரண்டு மாதத்தில் 144. மொத்தம் 444, ஐந்நூறைத் தாண்டவே இல்லை. கூடுதல் பில் எண்ணூறு ரூபாய்க்குள். இரண்டு மணி நேரம் அதிகமாக வேலை செய்தும், செலவு ஐந்தில் ஒரு பங்கு. கடையில் இரண்டு ஹீட்டருக்கும் விலை வித்தியாசம் ஆயிரம் ரூபாய்கூட இருக்காது. அதை வைத்துத்தான் நாம் இத்தனை பேரம் பேசுகிறோம்.

கரண்ட்டைப் பற்றி இன்னொன்று. 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். லைட், ஃபேன் போடுகிற சின்னப் பிளக் 6 ஆம்பியருக்கானது. பவர் பிளக் என்கிறோமே, தடித்த மூன்று பின், அது 16 ஆம்பியர். ஹீட்டரின் தடித்த பின் சின்னப் பிளக்கில் நுழையவில்லை என்று கன்வர்ட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பின் ஏன் தடியாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்தால் அந்தக் கன்வர்ட்டரைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். மெயின் போர்டிலிருந்து பட்டறைக்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, தூரம் அதிகமென்றால் 4, தனி எம்.சி.பி., அதோடு கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரமான சிமெண்ட் தரையில் நின்று வேலை செய்கிறவருக்கு அந்தக் கடைசிச் சாமான் உயிர்க் காப்பு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரும் கட்டிங் மெஷினும் சேர்த்துப் போடுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதைச் செய்கிறவர்களுக்கே அது தப்பு என்று தெரியும்.

சாயங்காலம் ஹீட்டர் சூடே தருவதில்லை என்று புகார் சொல்கிறவர்களும் உண்டு. ஊர் முழுக்க கீசரும் ஹீட்டரும் போடுகிற நேரத்தில் டிரான்ஸ்பார்மர் லைனின் கடைசி வீடுகளில் வோல்ட் இறங்கிப்போகும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால், 2,000 வாட் ஹீட்டர் 1,360 வாட்தான் தரும். வோல்ட் கொஞ்சம் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும். இதற்கு இன்னும் பெரிய ஹீட்டர் வாங்குவது வைத்தியமல்ல. உங்கள் வீட்டு வோல்ட்டை ஒரு வாரம் சாயங்காலம் பார்த்துக் குறித்துக்கொண்டு போய் மின்வாரிய அலுவலகத்தில் கொடுங்கள்.

இத்தனை வம்பு எதற்கு, கொஞ்சம் கரி போட்டுக் கணப்பு வைத்துக்கொண்டால் போச்சு என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. இங்கே நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. குளிர்காலம்தோறும் மலையூர்களிலிருந்து ஒரே மாதிரிச் செய்தி வருகிறது: அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. கரி புகைவதில்லை, அதனால் பயமும் வருவதில்லை. ஆனால் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் தூக்கமும்தான் அறிகுறி. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொள்வோம். நம் உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் கடலோரத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்துகளையெல்லாம் அடையுங்கள் என்று சற்று முன்னால் சொன்னது கரண்ட் ஹீட்டருக்கு. அடைத்த பட்டறைக்குள் கரிச்சட்டி வைப்பது தற்கொலை.

சிலிண்டரில் மாட்டுகிற கேஸ் ஹீட்டருக்கும் இதே ஆட்சேபணைதான், புகைபோக்கி இல்லாத வரைக்கும். அதோடு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி அறைக்குள் சேரும். அது எங்கே போய்ப் படியும் என்று மறுபடி சொல்ல வேண்டியதில்லை. கருவிக்காரர்கள் கேஸ் ஹீட்டர் வைத்துக்கொள்வது துருவுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வதுதான். வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு எடுப்பது விதிப்படி தப்பும்கூட.

தச்சர்களுக்கு இன்னொரு ஆசை வரும், அது நியாயமானது. கழிவு மரமும் மரத்தூளும் மூட்டை மூட்டையாக வெளியே போகிறதே, அதை எரிக்கலாமே என்று. மூத்தவர்கள் மரத்தூள் அடுப்பைப் பார்த்திருப்பீர்கள். தகர டின்னின் நடுவில் ஒரு உருட்டுக்கட்டையை நிறுத்தி, அடியில் இருக்கும் ஓட்டையில் இன்னொரு கட்டையைச் செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக இடிப்பார்கள். கட்டைகளைப் பதமாக உருவினால் மேலிருந்து இறங்கிப் பக்கவாட்டில் திரும்பும் ஒரு புழை கிடைக்கும். கீழே பற்றவைத்தால் தூள் கொஞ்சம் கொஞ்சமாக மணிக்கணக்கில் எரியும். அருமையான யோசனை, முற்றத்தில் வெந்நீர் வைக்க. உள்ளே வைப்பதென்றால் காஷ்மீரில் புகாரி என்று வைத்திருக்கிறார்களே, இரும்பு உருளையும் கூரைக்கு மேலே போகும் குழாயும், அந்த மாதிரி வேண்டும். குழாய் கூரையைத் தாண்டும் இடத்தில் மரச்சட்டம் தொடாமல் இடம் விட வேண்டும், வருடா வருடம் கரியைத் தட்ட வேண்டும். பிளைவுட், எம்.டி.எஃப். துண்டுகளைப் போடவே கூடாது; அதில் இருக்கும் பசைப் புகை நுரையீரலுக்கு ஆகாது. வெள்ளைக்காரன் பங்களாவில் இருக்கும் கணப்பு மாதிரி கட்டிவிடலாமா என்றும் கேட்கிறார்கள். அதில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். போகிற காற்றுக்கு ஈடாகக் கதவிடுக்கு வழியே குளிர்காற்று உள்ளே வரும். முகம் வேகும், முதுகு விறைக்கும். மரத்தூள் பறக்கிற பட்டறைக்குள் எரியும் நெருப்பையே நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரும்பு வேலை செய்கிறவர் புகாரி வைத்துக்கொள்ளலாம்.

ஒரு யூனிட்டுக்கு 860 கிலோ கலோரிதான் என்ற கணக்கை மீறுகிற சாமான் ஒன்றே ஒன்று. சூடும் தருகிற இன்வர்ட்டர் ஏ.சி. அது சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றிலிருந்து உள்ளே இழுத்து வருகிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு சூடு கிடைக்கும். நம் குளிருக்கு நன்றாக வேலை செய்யும். விலை 40,000-ஐ ஒட்டியோ தாண்டியோ இருக்கும்; தூசு இருந்தால் ஃபில்ட்டர் அடைக்கும். நாள் முழுக்க நாலைந்து பேர் உட்கார்ந்து எம்பிராய்டரி செய்கிற மாதிரி சுத்தமான இடத்துக்குப் பொருந்தும். ஒற்றை ஆள் பட்டறைக்கு இது அதிகம்.

இனி ஆளுக்கேற்ற பதில். தையற்காரருக்குக் குளிர்வது விரலும் பாதமும். பாதத்துக்குப் பலகையும் பாயும், விரலுக்குப் பக்கவாட்டில் 400 வாட் ஹாலஜன். மடியில் கிடக்கும் துணி மூன்றடிக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான். வாட்ச், ரேடியோ பார்க்கிறவருக்கும் இதேதான். மேஜைக்குக் கீழே 100 வாட்டுக்குள் வருகிற கால் சூடாக்கும் பாய் இன்னும் நல்லது.

தச்சருக்குத்தான் சிக்கல். அவர் நடமாடுகிறவர், வேலையில் உடம்பு தானே சூடேறும். அவருக்குக் குளிர்வது பசை. வெள்ளைப் பசை 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. இரவில் ஒட்டிக் கிளாம்ப் போட்டுவிட்டுப் போன சட்டத்தைக் காலையில் பார்த்தால், பசை கண்ணாடி மாதிரி இல்லாமல் சுண்ணாம்பாக வெளுத்திருக்கும், தட்டினால் பிரியும். இதற்காக ஷெட் முழுவதையும் இரவெல்லாம் சூடாக்குவது பைத்தியக்காரத்தனம். பழைய மர அலமாரிக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு போட்டு, பசை டப்பாவை அதில் வையுங்கள். ஒட்டும் வேலையைப் பகல் 11 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பொருளை வீட்டுக்குள் எடுத்துப்போக முடிந்தால் எடுத்துப்போங்கள். முடியாவிட்டால் தார்ப்பாய் போர்த்தி அதற்குள் ஒரு பல்பு, துணி படாதபடி கம்பிக் கூண்டு. கருவிகளுக்கும் அதே அலமாரி. பல்பின் மெல்லிய சூடு இருந்தால் துரு அண்டாது. இவ்வளவும் செய்தபிறகும் அறைக்குச் சூடு வேண்டும் என்றால், சீலிங் போட்டுவிட்டு ஆயில் ஹீட்டர் வாங்குங்கள். பாலிஷ் போடுகிற நாளில், தின்னர் டப்பா திறந்திருக்கும்வரை, பழுத்து எரியும் எந்த ஹீட்டரும் அந்த அறையில் இருக்கக்கூடாது. தின்னர் ஆவி கனமானது, தரையோடு தவழ்ந்து போய் ஹீட்டரைத் தேடிப் பிடிக்கும்.

பழைய ஹீட்டர் பாதி விலைக்குக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று ஒரு தம்பி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். வாங்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் பின்களைப் பாருங்கள். ஒரு பின் மட்டும் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ வேண்டாம். ஒயர் உடம்புக்குள் நுழையும் இடத்தில் வளைத்துப் பாருங்கள், விரிசல் தெரியக்கூடாது. ஆயில் ஹீட்டரென்றால் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஹாலஜனென்றால் ஓடும்போதே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், தானாக அணைய வேண்டும். அணையவில்லை என்றால், விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், தம்பி.